விளக்கு: இல்லை

ஓசூர் ராயக்கோட்டை சாலையில்
டயர்க் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில்
இருக்கிறது எங்கள் வானம்.
பதினாறு கணினி, ஒரு தண்ணீர் கேன்,
சுவரில் நான்கு கடிகாரம்.
மூன்று எந்தெந்த ஊருக்காகவோ ஓடுகின்றன.
நான்காவது நம்மூர் நேரம்,
நின்று ஐந்து மாதம்.

இந்த வானத்துக்கு ஆயுள் இருபத்தெட்டு நாள்.
அதற்குப் பிறகு பழசு.
புதுசு பிறப்பது எப்போதும் வியாழக்கிழமை.
“நம்ம கணக்குத்தாண்டி அதுக்கும்” என்று
முனிரத்னா சிரித்தபோது
மேலாளர் எட்வின் திரைக்குள்
இன்னும் கொஞ்சம் முகத்தை நுழைத்துக்கொண்டார்.

என் பிரிவு, தடைகள்.
புகைபோக்கி, காற்றாலை, தேவாலயக் கூம்பு,
நார்வேயில் மார்ச் வரைக்கும் ஒரு கிரேன்.
நான் ஏறியிராத விமானங்கள்
இடிக்காமல் தாண்டவேண்டிய எல்லாம்.
எங்கே, எவ்வளவு உயரம், விளக்கு உண்டா இல்லையா.
மீட்டரில் வந்தால் அடியாக்க வேண்டும்.
ஒருமுறை மறந்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர் குன்று
நானூற்றுப் பன்னிரண்டு அடியாகக் குனிந்து
அரை மணி நேரம் கிடந்தது.
மாதேஷ்தான் பார்த்தான்.
ஒன்றும் பேசாமல் நாற்காலியை உருட்டி வந்து
அந்தக் கட்டத்தில் விரல் வைத்தான்.
அன்றைக்கு முட்டை போண்டா என் செலவு.

முதல் நாளே சொன்ன விதி:
ஆதாரத்தில் உள்ளதை எழுது.
கண்ணால் கண்டதை எழுதாதே.

குடியிருப்பது பாகலூர் ரோட்டில்,
திம்மராயப்பா வீட்டு மொட்டைமாடி அறை.
பக்கத்திலேயே செல்போன் கோபுரம்.
அது தரும் வாடகை என்னுடையதைப்போல் நான்கு மடங்கு,
மரியாதையும் அப்படியே.
உச்சியில் சிவப்பு விளக்கு செத்து மூன்று சுழற்சி ஆகிறது
(மாதம் என்று இப்போது எனக்கு வாயில் வருவதில்லை).
சில காலைகளில் ஒரு சின்ன விமானம்
தைல மரங்களுக்கு மேலே தும்மிக்கொண்டு போகும்.

ஒரு ராத்திரி தேடினேன்.
பன்னிரண்டு டிகிரி நாற்பத்து நான்கு வடக்கு,
எழுபத்தேழு டிகிரி நாற்பத்தொன்பது கிழக்கு:
வெறும் காற்று.
நான் துணிக்கொடி கட்டியிருக்கும் இரும்பு
உலகத்திலேயே இல்லை.

“ஆதாரம்?” என்றார் எட்வின்.
“நிமிந்து பாத்தா தெரியும் சார்.”
“நிமிந்து பாக்கறதுக்குக் கோப்பு எண் என்னம்மா?”
கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.
பிறகு போகவேண்டிய இடத்துக்குக் கடிதமும் போட்டார்.

திம்மராயப்பாவிடம் விளக்கைப் பற்றிச் சொன்னேன்.
“எந்த ஃப்ளைட்டும்மா இவ்ளோ கீழ வரப்போவுது?”
“வராதுங்க.”
“அப்புறம்?”
அப்புறத்துக்கு என்னிடம் சொல் இல்லை.

ஆடிக் காற்று ஆரம்பித்தபோது
அடுத்த வானத்துக்கான மூட்டையில்
வரிசை இரண்டாயிரத்து முந்நூற்று ஆறில் வந்தது அது.
கோபுரம். முப்பத்தெட்டு மீட்டர். விளக்கு: இல்லை.
தெரிந்தவர் பெயரைப் பேப்பரில் பார்த்த மாதிரி
எழுந்து நின்றுவிட்டேன்.
நூற்றிருபத்து நான்கு அடி, கொஞ்சம் மிச்சம்.
மிச்சத்தை மேல்பக்கமாகத்தான் தள்ளவேண்டும்:
நூற்றிருபத்தைந்து.
அதில் முப்பதாவது அடியில் என் பாய், என் ஸ்டவ்.

ஆனால் முந்தின நாள் சாயங்காலம்
கம்பெனி ஆள் ஒருவன்
இடுப்பில் கயிறும் வாயில் ஸ்க்ரூடிரைவருமாக ஏறி
புது விளக்கு மாட்டிப் போயிருந்தான்.
இரவெல்லாம் என் தண்ணீர்க் குடம்
சிவந்து சிவந்து அணைந்தது.

காகிதம் சொல்கிறது: இல்லை.
தட்டினேன்: இல்லை.
மாதேஷ் பார்த்து, ஒத்துப்போகிறது என்று குறியிட்டான்.
எட்வினைப் பார்த்தேன்.
அவர் ஏற்கெனவே இன்னொரு கடிதம்
தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

வேலை முடிந்து இறங்கும்போது
ரோஜா ஏற்றிய வண்டிகள் சந்தைக்குப் போகின்றன.
இன்னும் விடியவில்லை.
மேம்பாலத்திலிருந்தே தெரிகிறது,
இருபத்தெட்டு நாளைக்கு
இல்லாத விளக்கு.